மாப்பிள்ளைத் தோழனுக்கு என்ன பந்தி?

அநியாயம் நடந்தது எனக்கு, சிஸ்டர். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். பெயர் ஆவுடைச்செல்வி. எம்.ஏ. பொருளியல், இரண்டாம் ஆண்டு. அதோ அந்தத் திரைக்குப் பின்னால் மஞ்சள் கண்ணோடு படுத்திருக்கிறானே கோமதிநாயகம், அவனுடைய ஒரே தங்கை. போன வருஷம் அவனுக்கு ஸ்டெம் செல் கொடுத்தவள். கொடுத்த எனக்குக் கிடைத்த மரியாதை என்ன தெரியுமா? "ஓ ரத்தத்துலதாம்ட்டி அவனுக்குக் காமாலை வந்துச்சு" என்று என் சொந்த அத்தை, ஆடித்தபசு அன்றைக்கு, வீடு நிறைய ஆள் இருக்கையில், சாம்பார் வாளியும் கையுமாக நின்று சொன்னாள்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. தெரியும். அந்தக் கல்லீரல் மாத்திரையை வீட்டில் விடாமல் சாப்பிட்டாரா, விட்டார் என்றால் யார் சொல்லி விட்டார். அதற்குத்தான் வருகிறேன். சங்கரன்கோவில் பஸ் எல்லா ஊரிலும் நின்றுதான் போகும், சிஸ்டர். நானும் அந்த ஊர்க்காரிதான்.

அதற்கு முன்னால் எனக்கு ஒரு காகிதம் வேண்டும். இப்போது என் கையில் ரத்தம் எடுத்தீர்களே, பஞ்சை இன்னும் அமுக்கிக்கொண்டுதான் இருக்கிறேன் பாருங்கள், அதைச் சோதித்துவிட்டு, 'இந்தப் பெண்ணின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி இல்லை, எப்போதும் இருந்ததில்லை' என்று ஒரு வரி. ஆஸ்பத்திரி முத்திரையோடு. பழைய ரிப்போர்ட் இருக்கிறது, இதோ. லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். பி.ஏ. சர்ட்டிபிகேட்டைக்கூட நான் லேமினேட் செய்யவில்லை. இதை அத்தையின் மூக்குக்கு நேரே நீட்டினேன். "இது போன வருஷத்து ரத்தம்லா?" என்றாள். ரத்தத்துக்கு எக்ஸ்பயரி தேதி கேட்கிற குடும்பம்.

சரி, ஆரம்பத்திலிருந்து வருகிறேன். அண்ணன் மின்வாரியத்தில் வயர்மேன். முந்தின வருஷம் கம்பத்தில் ஏறும்போது தலைசுற்றல், அப்புறம் காய்ச்சல், அப்புறம் ரத்தப் புற்று என்று சொல்லிவிட்டார்கள். ஸ்டெம் செல் மாற்றினால் பிழைப்பான் என்றார்கள். குடும்பத்தில் எல்லாரும் கையை நீட்டினார்கள், உண்மை. ஆனால் பொருந்தியது யாருக்கு? எனக்கு. ஐந்து நாள் ஊசி, இடுப்பெலும்பு குடைச்சல், அப்புறம் இரண்டு கையிலும் குழாய் மாட்டி நாலரை மணி நேரம் மெஷின் பக்கத்தில் அசையாமல் படுத்திருந்தேன். மூக்கு அரித்தால் சொறியக்கூட முடியாது. பேசத்தான் முடிந்தது. பேசினேன். மெஷின் பார்த்த தம்பி காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டான்.

அண்ணன் பிழைத்தான். அவனுடைய ரத்தப் பிரிவே மாறிவிட்டது, தெரியுமா? பி பாசிட்டிவாக இருந்தவன் ஓ பாசிட்டிவ் ஆனான். என் பிரிவு. ஆபீஸ் அடையாள அட்டையில் பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதிக் கொடுத்தபோது அந்த கிளார்க், "இப்படியெல்லாம் மாத்த முடியாதே, பிறந்த தேதி மாதிரில்லா இது" என்று ஒரு வாரம் இழுத்தார். நானே நேரில் போய் வாதாடி வாங்கினேன். நான் வாதாடி வாங்காதது எதுவுமில்லை.

அந்த மாத்திரையா? வந்துவிட்டேன், வந்துவிட்டேன்.

மாற்றுவதற்கு முன்னாலேயே பெரிய டாக்டர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். அண்ணனுக்கு எப்போதோ, அவனுக்கே தெரியாமல், பி காமாலை வந்து போயிருக்கிறது. ரத்தத்தில் இப்போது கிருமி இல்லை, தடம் மட்டும் இருக்கிறது. ஆனால் அது கல்லீரலுக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். சிகிச்சையில் எதிர்ப்புச் சக்தியை அடக்கும்போது தலையைத் தூக்கும். அதனால் காவலுக்குத் தினமும் ஒரு மாத்திரை. பெயர் என்டெகாவிர். 'நாங்கள் நிறுத்தச் சொல்லும்வரை சாப்பிட வேண்டும்' என்றார். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் எழுதவில்லை. டாக்டர் வேகமாகச் சொன்னார்.

அதைக் கவனித்துக்கொண்டது மதினி. இசக்கியம்மாள். அத்தை மகள்தான், அண்ணனுக்குக் கட்டிக் கொடுத்தது. பிளஸ் டூவோடு நிறுத்திவிட்டாள், நல்லவள், பேச்சு வராது. அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும், அப்புறம் இரண்டு மணி நேரம் எதுவும் உள்ளே போகக் கூடாது. மதினி காலை ஆறு மணிக்கு மாத்திரையும் தண்ணியுமாக நிற்பாள். எட்டு மணிவரை டீ கிடையாது. அண்ணனைத் தெரியாதே உங்களுக்கு, டீ இல்லாமல் அவனுக்குச் செருப்பு எது சட்டை எது என்று தெரியாது. இரண்டு மணி நேரம் அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு கடிகாரத்தையே பார்ப்பான். அவன் மாத்திரையை விழுங்கியதும் மதினி தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் 'சாப்பிட்டாவ' என்று எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவாள். ஒவ்வொரு நாளும். நான் கேலி பண்ணுவேன். "மதினி, இத புக்கா போட்டு லைப்ரரிக்குக் குடுப்போமா?" என்பேன். சிரிப்பாள். அவ்வளவுதான் அவளிடம் உண்டு.

இப்போது எங்கள் குடும்பத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பொங்கல், காதுகுத்து, வீடு பால்காய்ப்பு, எதுவானாலும் சாப்பாடு முடிந்ததும் பட்டிமன்றம் வைத்துவிடுவோம். மைக்செட் உண்டு. நடுவர் எப்போதும் தங்கப்பழம் மாமா, அம்மாவுடைய தம்பி. ரேஷன் கடையில் பில் போடுகிறவர், ஆனால் தோளில் பொன்னாடை விழுந்துவிட்டால் உயர்நீதிமன்றம். சில்வர் டம்ளரில் கரண்டியால் தட்டினால் நேரம் முடிந்தது. தீர்ப்பு சொன்னால் சொன்னதுதான். பெரியம்மா வீட்டு மாடிப்படி வீட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதைக்கூடப் பட்டிமன்றத்தில்தான் முடிவு செய்தோம். வெளியே என்று பேசி ஜெயித்தவள் நான். இன்றைக்கும் மழை பெய்தால் அவர்கள் குடை பிடித்துக்கொண்டுதான் மாடிக்குப் போகிறார்கள். ஆனால் தீர்ப்பு தீர்ப்புதான்.

இந்த மார்ச் ஒன்பதாம் தேதி, மாற்று சிகிச்சை முடிந்து சரியாக ஒரு வருஷம். ஆஸ்பத்திரியில் நீங்கள்தானே சொல்வீர்கள், இது இரண்டாவது பிறவி, இது முதல் பிறந்தநாள் என்று? வைத்துவிட்டோம். முப்பத்திரண்டு வயது வயர்மேனுக்கு ஒற்றை மெழுகுவர்த்தி கேக். 'குட்டிப் பாப்பா கோமதிநாயகம்' என்று பேனர். கேக் வெட்டி, சாப்பாடு போட்டு, பட்டிமன்றம். தலைப்பு: 'கோமதிநாயகம் தேறி வந்ததற்குப் பெரிதும் காரணம் மருந்தே! தங்கையின் ரத்தமே!'

ரத்தத்துக்கு நான். மருந்துக்கு மதினியைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தெனமும் குடுத்தேன். தெனமும் சாப்பிட்டாவ" என்றாள். இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டாள். இதற்குப் பெயர் வாதமா? எதிரணி இப்படி இருந்தால் ஜெயிப்பதில் என்ன சுவாரஸ்யம், சொல்லுங்கள்.

நான் எழுந்தேன். நடுவர் அவர்களே என்று ஆரம்பித்தேன். அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினேன். "பி பாசிட்டிவை ஓ பாசிட்டிவ் ஆக்கிய மாத்திரை எந்தக் கடையில் விற்கிறது? எதிரணி சீட்டு கொண்டுவந்தால் நான் வாங்கிக்கொண்டு வருகிறேன்" என்றேன். கைதட்டல். "இன்று என் அண்ணனின் உடம்பில் ஓடுவது முழுக்க முழுக்க என் ரத்தம். நடந்தால் என் ரத்தம் நடக்கிறது. சிரித்தால் என் ரத்தம் சிரிக்கிறது" என்றேன். அம்மா மூக்கைச் சிந்தினாள். அப்புறம் அந்த மாத்திரைக்கு வந்தேன். வராமல் இருக்க முடியுமா, எதிரணியிடம் மிச்சம் இருந்த ஆயுதம் அது ஒன்றுதானே?

"எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையை டாக்டரே ஜனவரியில் நிறுத்திவிட்டார். இந்தக் காவல் மாத்திரை அதற்குத் துணையாக வந்தது. மாப்பிள்ளையே சாப்பிட்டுக் கைகழுவி ஊருக்குப் போயாச்சு. மாப்பிள்ளைத் தோழனுக்கு இன்னும் என்ன பந்தி?"

பந்தல் அதிர்ந்தது, சிஸ்டர். பெருமைக்குச் சொல்லவில்லை, வீடியோ இருக்கிறது. மாமா டம்ளரைத் தட்ட மறந்துவிட்டு அவரே கைதட்டினார். "ரத்தமே!" என்று தீர்ப்பு. "இனி மருந்துக்கு மரியாதையோடு விடை கொடுப்போம்" என்று முடித்தார். அதிகமாகக் கைதட்டியது யார் தெரியுமா? அத்தை. அதே அத்தை.

என்ன கேட்டீர்கள்? அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டோமா? பட்டிமன்றத்தில் பேசுவதை எல்லாம் வீட்டில் யாராவது நடத்துவார்களா, சிஸ்டர்? அது ஒரு பேச்சு. மாடிப்படி வேறு விஷயம்.

ஜூன் மாதம் இங்கே செக்கப்புக்கு வந்தோம். கல்லீரல் ரிப்போர்ட் எல்லாம் நார்மல். 'எல்லா மாத்திரையும் சாப்பிடுறீங்கல்ல?' என்று உங்கள் ஆள் ஒருவர் கேட்டார். அண்ணன் தலையை ஒரு மாதிரி ஆட்டினான். அவன் ஆட்டினால் ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். அவர் ஆமாம் என்று வைத்துக்கொண்டார். திரும்பிப் போகும்போது பஸ்ஸில் மதினியிடம் அந்த ரிப்போர்ட்டைக் காட்டினேன். "பாத்தீங்களா, நார்மல்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆடித்தபசுக்கு முந்தின வாரமே அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலை அலுப்பு என்றோம். தபசு அன்றைக்கு வீடு முழுக்க விருந்தாள். பந்தியில் அவனுக்கு எதிரே உட்கார்ந்திருந்த தங்கப்பழம் மாமாதான் முதலில் பார்த்தார். "ஏ கோமதி, வெளிச்சத்துக்கு வாடே. கண்ணக் காட்டு." காட்டினான். மஞ்சள். யாரும் இலையில் கை வைக்கவில்லை. அப்போதுதான் அத்தை சாம்பார் வாளியோடு நின்ற இடத்திலேயே என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி ஆவுடை, மைக்குல என்ன சொன்ன? அவன் ஒடம்புல ஓடுறது பூராவும் ஓ ரத்தம்னு சொன்னல்லா? தேறுனதுக்கு நீ காரணம்னா, இதுக்கு யாருட்டி காரணம்?"

இது எவ்வளவு மோசமான தர்க்கம் பாருங்கள்! நான் பேசியதை எடுத்து எனக்கே திருப்பிவிட்டாள். என் மேற்கோளைச் சூழலிலிருந்து பிய்த்து எடுத்துவிட்டாள். நான் மாமாவைப் பார்த்தேன், நடுவர் என்ற முறையில் ஏதாவது சொல்வார் என்று. மனிதர் அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? "கட்டிக்கொடுக்கப் போற பிள்ளைக்கு ரத்தத்துலயே காமாலையாம்லா" என்று தெரு முழுக்க. நான் பள்ளிக்கூடத்திலேயே தடுப்பூசி போட்டவள், சிஸ்டர்! மூன்று டோஸ்! சங்கரன்கோவிலில் எத்தனை பேரிடம் போய்க் கையைத் தூக்கிக் காட்ட முடியும்?

கிருமி என்னுடையது இல்லை. அது அவனுடைய பழைய கிருமி. உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது, விழித்துக்கொண்டது. உங்கள் டாக்டரே நேற்று அப்படித்தான் சொன்னார். இதைத்தான் நான் வீட்டில் சொன்னேன்.  அத்தை கேட்டாள்: "சரிட்டி. தூங்குனது தூங்குனபடி கெடக்க வேண்டியதுதான? யாரு எழுப்புனா?"

 அந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லித் தரம் தாழ வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நேற்று இங்கே சேர்த்தோம். டாக்டர் அண்ணனைக் கேட்டார், மாத்திரை எப்போதாவது விட்டுப்போனதா என்று. அண்ணன் என்ன சொன்னான்? "ஒருநாள்கூட விடல சார்." மதினி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் போனதும் அவன் அவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "அவ பேரு இதுல வரக் கூடாது. ரத்தம் குடுத்த பிள்ளைலா." பாருங்கள் அநியாயத்தை! என்னைக் கேட்காமலே என்னைக் குற்றவாளி ஆக்கி, என்னைக் கேட்காமலே மன்னித்தும்விட்டார்கள். விசாரணை கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது. எந்த நாட்டுச் சட்டம் இது? ராத்திரி முழுக்க எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இப்படி எனக்கு ஒரு நல்லது செய்ய இவர்கள் யார்?

என்ன? திரும்பச் சொல்லுங்கள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வந்திருந்தால், கிருமி அந்த மாத்திரைக்கு மசியவில்லை என்று அர்த்தம். வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும். விட்டதால் வந்திருந்தால் அதே மாத்திரையை உடனே திரும்ப ஆரம்பிக்கலாம். அந்த வேறு மருந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். இவனுக்கு அது போன வருஷ சிகிச்சையிலேயே களைத்துப் போயிருக்கிறது. டாக்டர் பதினொரு மணிக்கு வந்து முடிவு செய்வார். அப்படித்தானே? காமாலை அளவு, அந்த பிலிருபின், நேற்று ஒன்பது. இன்றைக்கு? பன்னிரண்டா? ரத்தம் உறைவதற்கும் நேரம் எடுக்கிறதா? அது என் ரத்தம்தானே, நன்றாக உறையுமே. ஓ. உறைய வைக்கிற சரக்கைக் கல்லீரல்தான் செய்ய வேண்டுமா?

அப்படியென்றால் அவன் சொன்ன அந்த நல்ல பொய்...

இப்போது மணி பத்தே முக்காலா?

நான் என் தரப்பை இன்னும் முடிக்கவில்லை, சிஸ்டர். டாக்டர் ஏன் அவ்வளவு வேகமாகப் பேச வேண்டும்? ஜூனில் தலையாட்டலைப் பார்த்து ஆமாம் என்று ஏன் எழுதிக்கொள்ள வேண்டும்? மதினி ஏன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசக் கூடாது? மைக் கையில் இருந்ததே?

"ஏட்டி." கேட்கிறதா, திரைக்குப் பின்னாலிருந்து? "ஏட்டி ஆவுடை, பேசாம இருட்டி." நீ சும்மா படு! உன் வாழ்நாளில் நீ பேசாமல் இருந்தது போதாதா?

இந்தப் பை இருக்கிறதே, இந்த மஞ்சப்பை. காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது மதினி கொடுத்தாள். "அங்க கேட்டா குடு" என்றாள், வேறு எதுவும் சொல்லவில்லை. வழியில் பிரித்துப் பார்த்தேன். காலண்டர் தாள்கள். அத்தனையும் ரப்பர் பேண்டு போட்டு, மாதம் மாதமாக. மார்ச் ஒன்பது: சாப்பிட்டாவ. அதற்கடியில் மார்ச் பத்து. அதுதான் கடைசித் தாள். அதில் என்ன எழுதியிருக்கிறாள், பாருங்கள்.

'டீ.'

இதற்குப் பெயர் வாதமா என்று கேட்டேன் அல்லவா? வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பட்டிமன்றத்துக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் வழக்கம்போல மாத்திரையும் தண்ணியுமாகத்தான் வந்தாள், சிஸ்டர். அண்ணன் கையை நீட்டினான். அப்புறம் என்னைப் பார்த்தான். "ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கிடுவமாட்டி?" என்றான். "தீர்ப்பு வந்தாச்சு, அப்பீல் கிடையாது" என்றேன். மாத்திரையை மதினி கையிலிருந்து நானே வாங்கி ஜன்னல் திட்டில் வைத்தேன். நானே டீ போட்டேன். ஏலக்காய் தட்டி. ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவன் குடித்த முதல் ஆறு மணி டீ. கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். மைக்கில் ஜெயித்தபோதுகூட அவ்வளவு இல்லை.

அந்த முத்திரைக் காகிதம் அவசரமில்லை. அப்புறம் தாருங்கள்.

பேனா இருக்கிறதா? எழுதுங்கள். மாத்திரை நின்ற தேதி, மார்ச் பத்து. அன்றிலிருந்து ஒன்றுகூட இல்லை. நோயாளி மறந்தாரா? மறக்கவில்லை, கையை நீட்டினார். வீட்டில் கொடுக்கவில்லையா? கொடுத்தாள். டாக்டர் நிறுத்தச் சொன்னாரா? இல்லை. நடுவர் தீர்ப்பா? அதற்கு உங்கள் பாரத்தில் இடமில்லை, தேவையும் இல்லை. யார் சொல்லி என்றுதானே கேட்டீர்கள்? முதல் பக்கத்தைப் புரட்டுங்கள். கொடையாளி என்று போட்ட இடத்தில் ஒரு பெயர் இருக்கும். அதே பெயரை இங்கேயும் எழுதுங்கள், சிஸ்டர்.